சாட்சி மேசையில் வைத்த கண்ணாடி

நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது கூட்டங்களுக்குப் போவதில்லை. பிரசங்கம் செல்போனிலேயே வந்துவிடுகிறது. அடுப்படியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கலாம். பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடலாம். எங்கள் காலத்தில் அப்படித் தள்ள வழியில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்கோடு புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து தட்டாஞ்சாவடி வரைக்கும் நடந்துபோய், மேடைக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கக் கூடாது. உங்களில் யாராவது அந்த மாதிரிப் பந்தலில் உட்கார்ந்திருந்தால், வீட்டுக்கு வந்து பாவாடையை ஒதுக்கிப் பார்க்கும்போது தொடையில் பதிந்திருக்கும் பாயின் வரிகள் நினைவிருக்கும்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்பா மில்லில் வேலை பார்த்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நெஞ்சு வலியில் போய்விட்டார். அதுவரை நாங்கள் மாதா கோயில் ஆட்கள். அவர் போனபிறகு அம்மா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாள். யாரும் அவளைப் பின்னால் போகச் சொல்லவில்லை. முன்னால் வா என்றும் யாரும் கூப்பிடவில்லை. ஜெபக்கூட்டம் நடத்தும் சபைக்காரர்கள்தான் வீடு தேடி வந்தார்கள். அம்மாவை சிஸ்டர் என்றார்கள். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களோடு போனாள். அங்கே எல்லாப் பெண்களும் வெள்ளைச் சேலைதான். ஊர் அவளுக்குக் கட்டிவிட்ட வெள்ளையும் சபையின் வெள்ளையும் ஒரே நிறம் என்றாலும், சபைக்குப் போகும்போது மட்டும் நிமிர்ந்து நடந்தாள்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் அப்பாவின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். எனக்குக் கண் சரியில்லை என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், "அந்தா பார், கப்பலு" என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அந்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கறுப்புச் சட்டம், பின்னால் கட்டிக்கொள்ள ஒரு கயிறு. அவர் அதைக் கண்ணாடி என்று சொல்லமாட்டார். லுனெத் என்பார். "லுனெத்தைக் கழட்டாத. தூங்கறப்ப மட்டும் கழட்டு."

அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது கரும்பலகைக்கு ஓரம் இருப்பது தெரிந்தது. அதுவரை அது சுவரோடு சுவராகக் கலங்கித்தான் கிடந்தது. பிள்ளைகள் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை, கூப்பிட்டவர்களின் பல்லில் எது ஓட்டை என்று தெரிந்ததே போதுமாக இருந்தது. தெருவில்தான் அம்மாவிடம் வந்து, "பொட்டப் புள்ளைக்கு இப்பவே சோடாபுட்டிய மாட்டி உட்டுட்டாரே உங்க வூட்டு சொல்தா, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று கேட்டார்கள். அம்மா அன்று ராத்திரி ஜெபத்தில் என் கண்ணுக்காகக் கொஞ்சம் கூடுதலாக அழுவாள்.

நான் கேட்ட பிரசங்கிமார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் ஒரு வரி சொன்னால் மொழிபெயர்ப்பாளர் நான்கு வரி சொன்னார். அவர் கையை உயர்த்தினால் இவர் குதித்தார். பாதிக் கூட்டத்துக்கு எது வெள்ளைக்காரர் சொன்னது, எது இவர் சேர்த்தது என்று தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. இன்னொருவர் பேசும்போது அழுவார். ஒருமுறை முந்தின நாள் அழுத அதே வாக்கியத்துக்கு மறுநாளும் அழுதார். நான் அம்மாவின் முழங்கையை இடித்தேன். "வாய மூடு, ஆவியானவர் துக்கப்படுவார்" என்றாள். இன்னொருவர் பேசப் பேச மைக்கை வாய்க்குள் விட்டுக்கொள்வார்; ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கிழவர்கள் காதில் துண்டைச் செருகிக்கொண்டு ஆமென் சொன்னார்கள்.

நான் அவர்களை நம்பினேன். கிண்டல் செய்வதால் நம்பவில்லை என்று நினைக்கவேண்டாம். சவுக்குக் கம்பங்களில் கட்டிய டியூப் லைட்டும், மணல் தூசியும், தம்புரின் சத்தமும், எங்கள் அம்மா வாய்விட்டுப் பாடுவதும் எனக்கு வேறெங்கும் கிடைக்காதவை. வீட்டில் அவள் பாடமாட்டாள்.

அந்த வருஷம் மழை விட்டதும் தட்டாஞ்சாவடியில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பெரிய கன்வென்ஷன் போட்டார்கள். தெற்கிலிருந்து ஒரு பிரசங்கியார் வருகிறார், ஜெபித்தால் வியாதி ஓடிவிடும் என்று பேச்சு. கன்வென்ஷனுக்கென்று ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுத்து, நீல எழுத்தில் பெரிய வெள்ளைத் துணியில் எழுதி, மேடைக்கு எதிரே பந்தலின் மறுகோடியில், வாசல் பக்கம், உள்முகமாகக் கட்டியிருந்தார்கள். ஜனங்கள் வீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொண்டே போகட்டும் என்று. சபையில் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளான எங்களுக்கு அதை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

கடைசி நாள் சாயங்காலம் பிரசங்கியார் மேடையில் ஒரு மேசையைக் கொண்டுவந்து போடச் சொன்னார். அதற்குச் சாட்சி மேசை என்று பெயர். சுகம் கிடைத்தவர்கள் இனித் தேவைப்படாததைக் கொண்டுவந்து அதில் வைக்க வேண்டும். இருமல் டானிக் பாட்டில், கைத்தடி, மாத்திரைப் பொட்டலம், தாயத்து என்று மேசை நிறைந்தது. ஒருவர் பீடிக்கட்டை வைத்தார். தீப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள்.

"எங்கம்மா?"

"வாடி."

மேடைப் படியில் சபைப் பிரதர் ஒருவர் நின்று, என்ன வியாதி என்று கேட்டு ஒவ்வொருவராக ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா "கண்ணு" என்றாள். பிரசங்கியார் என் கண்ணாடியைக் கழற்றி அந்தப் பிரதரிடம் கொடுத்தார். கயிறு என் முடியில் மாட்டி இழுத்தது. பிறகு இரண்டு கட்டை விரல்களையும் என் இமைகள் மேல் வைத்து அழுத்தினார். யூகலிப்டஸ் தைலம் மணத்தது. இமைக்குள் பச்சையும் மஞ்சளுமாக வட்டங்கள் சுழன்றன. அவர் சத்தம் போட்டு ஜெபித்தார், கூட்டம் சத்தம் போட்டு ஜெபித்தது, யாரோ என் முதுகைத் தாங்கிப் பிடித்தார்கள்.

விரலை எடுத்ததும் எல்லாம் முன்பு போலவே கலங்கலாக இருந்தது. கூட்டம் முழுதும் வெள்ளை வெள்ளையாக ஒரே குவியல். பிரசங்கியார் என் தோளைப் பிடித்துத் திருப்பி, மைக்கை வாயருகே வைத்தார்.

"பாப்பா, அந்தக் கடைசியில துணியில என்ன எழுதியிருக்கு? சத்தமாப் படிம்மா."

மறுகோடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. எழுத்து என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கே எழுதியிருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். கேட்டார், சொன்னேன். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, ஞாயிறுப் பள்ளியில் ஒப்பிக்கும் அதே ராகத்தில். சொல்லி முடித்துவிட்டு, "சரி, இப்போது இது எத்தனை விரல்" என்று கேட்பார் என்று அவரை நிமிர்ந்து பார்த்தேன். அதைக் கேட்டிருந்தால் தெரியவில்லை என்று சொல்லியிருப்பேன். அவர் அதற்குள் என் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டார். கீபோர்டு ஆரம்பித்தது. அம்மா மேடையிலேயே முழங்காலில் விழுந்தாள். எழுந்து மைக்கில் சாட்சி சொன்னாள். ஜனங்கள் கை தட்டினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு முறை தடுக்கினேன்.

"கண்ணாடிய வாங்கலியாம்மா?"

"இனிமே எதுக்குடி அது?"

"எனக்குத் தெரியல."

"தெரியும். விசுவாசமா பாரு, தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில், மேடைப் படியில் நின்ற அந்தப் பிரதரிடம் நானே போய்க் கேட்டேன். மேசையில் இருந்ததையெல்லாம் சாக்கில் கட்டிப் பிரசங்கியாரின் வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பிறகு குனிந்து, அன்பாகத்தான், "வச்சதத் திரும்பக் கேக்கக் கூடாது தங்கச்சி. கண்ணாடியக் கேட்டா வியாதியையும் சேத்துக் கேக்கறன்னு அர்த்தம்" என்றார். அவர்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்கு இயல்பானது. யாரும் என்னை ஏமாற்ற நினைத்து அதைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை பழையபடி சுவருக்குள் போய்விட்டது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அவள் தப்பாக எழுதினால் நானும் தப்பு. டீச்சர் ஒருநாள் எழுப்பி நிறுத்தினார்.

"உங்கம்மா தெரு பூரா உனக்குக் கண்ணு வந்துடுச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. நீ போர்டு தெரியலங்கற. ரெண்டுல எது பொய்யி?"

நான் என்ன சொல்வது? அம்மாவைப் பொய் என்று சொல்ல முடியாது. அதிலிருந்து நான் சோம்பேறி என்று ஆகிவிட்டது. வீட்டில் வந்து சொன்னால் விசுவாசம் இல்லாதவள். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று எனக்கு இரண்டு பெயர். கண் தெரியாதவள் என்ற பெயரை மட்டும் யாரும் வைக்கவில்லை.

பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்து ஒரு காலையில் வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"லுனெத் எங்க?"

"அவளுக்கு அது தேவையில்ல மாமா. கர்த்தர் பார்வையக் குடுத்துட்டாரு" என்றாள் அம்மா.

"அப்படியா?" அவர் திரும்பித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினார். "ஏ புள்ள, இது என்னா?"

நீளமாக ஏதோ தெரிந்தது. "குடை" என்றேன்.

அவர் திரும்பி வந்து அதை என் கையில் கொடுத்தார். பேக்கரியிலிருந்து வாங்கி வந்த நீளமான பிரெஞ்சு ரொட்டி, இன்னும் சூடாக.

"குடைக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியல. உங்க கர்த்தரு அரகொறையாத்தான் குடுத்திருக்காரு போல."

"சோதிக்காதீங்க மாமா. சோதிக்கறது பாவம்."

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து புதுக் கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்தார். கண் டாக்டர் எழுதிய பழைய சீட்டை வைத்துக் கண்ணாடி செய்யச் சொல்லி வாங்கி வந்திருந்தார். நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லியாச்சு. இதை மாட்டிக்கிட்டு இவ சபைக்குள்ள வந்தா என் மூஞ்ச எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"உன் மூஞ்சி பெருசா, புள்ள கண்ணு பெருசா?"

அம்மாவின் குரல் தணிந்தது. "உங்க தம்பி போனப்புறம் அவுங்கதான் மாமா என்னை மனுசியாப் பாத்தாங்க. நீங்க யாரும் பாக்கல."

பெரியப்பா கூட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாயங்காலம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் பெரியப்பா மகனோடு பிரான்சுக்குப் போனார். அங்கேயே இறந்தார். எனக்காக வாசலில் வந்து நின்று கேட்க அதன்பிறகு ஆள் இல்லை.

எட்டாவதில் பெயிலானேன். அதோடு நிறுத்திவிட்டார்கள். தட்டாஞ்சாவடியில், அந்த மைதானத்துக்கு முன்னால் இருந்த ஒரு தொழிற்சாலையிலேயே பாட்டில் மூடி பொறுக்கிப் பிரிக்கிற வேலை. நெளிந்ததை நல்லதோடு போட்டுவிடுகிறேன் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு தெருப் பெண்கள் சிலரோடு திருப்பூர் போனேன். முதல் சம்பளத்தில் கண்ணாடி வாங்கினேன். கடைக்கு வெளியே வந்து நின்றபோது, பஸ் கிட்டே வருவதற்கு முன்பே அது எந்த ஊர் பஸ் என்று படிக்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். கேரளாவில் இறால் உரித்தேன், பெங்களூரில் வீடு பெருக்கினேன், ஓசூரில் பூப் பண்ணையில் இருந்தேன். எங்கேயும் ரொம்ப நாள் தங்கவில்லை. கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதற்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமில்லை.

திருப்பூரில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்த பெண் என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். மேடையில் அதே பிரசங்கியார். கொஞ்சம் பருத்திருந்தார். இப்போது எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. உதட்டுக்கு மேல் ஒரு மச்சம்கூட இருந்தது. பேச்சின் நடுவில் புதுச்சேரியில் கண் பார்வை பெற்ற ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது நர்ஸ் படிப்பு படிக்கிறாள், கண் ஆஸ்பத்திரியிலேயே சேவை செய்யப் போகிறாள் என்றார். சுற்றியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கூட வந்தவளும் அழுதாள்.

"உங்க ஊராமே, உனக்கு அந்தப் பொண்ணத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவர் அதை எத்தனை ஊரில் சொன்னாரோ. எழுந்து கத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அன்று கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அவர் கதையில் வந்த பெண் நன்றாகப் படித்திருந்தாள்.

பல வருஷம் என் கோபமெல்லாம் அவர் மேல்தான் இருந்தது. அம்மா மேல் இல்லை. அவள் நம்பினாள், நம்பி ஏமாந்தாள், என்னைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயதாகி, மூலக்குளத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் நானாகத்தான் திரும்பி வந்தேன். இந்த மழைக்காலத்தில் அவளுக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடியும் இரண்டு வகைச் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றைப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றைப் போட வேண்டும்.

போன வாரம் மத்தியானம், முதல் மருந்தைப் போட அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். சுவரில் சபை கொடுத்த காலண்டர் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"அன்னிக்குத் துணி சுருட்டிக்கிட்டு இருந்துச்சு."

"எந்தத் துணி?"

"தட்டாஞ்சாவடி பந்தல்ல. சாயங்காலம் அடிச்ச காத்துல ஒரு பக்கம் கயிறு அறுந்து, பாதித் துணி மேல சுருட்டிக்கிச்சு. வசனத்தோட பின்பாதி யாரு கண்ணுக்கும் தெரியாது. ஜனமெல்லாம் மேடையப் பாத்து உக்காந்திருந்தாங்க, திரும்பிப் பாக்கல. மேல நின்ன எனக்குத் தெரிஞ்சுது. நீ முழுசாப் படிச்ச."

மருந்துக் குப்பியைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ அந்தப் பிரசங்கியாருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"தெரியாம என்ன? அவரும் அங்கதான பாத்துக்கிட்டு நின்னாரு."

"நீ ஏம்மா சொல்லல?"

"அவ்ளோ பேரு கை தட்டுனாங்க." காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கப்பா போனதுக்கப்புறம் என்னைப் பாத்து நாலு பேரு சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான்."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம். பெரியப்பா கொண்டாந்து வச்சப்ப."

"அப்புறம் நாளாயிடுச்சு" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் நினைத்துப் பார்த்தேன். தெரு முனையில் நான் தடுக்கியபோது அவளுக்குத் தெரியும். டீச்சர் நிற்க வைத்ததாக நான் அழுதபோது தெரியும். ரொட்டியைக் குடை என்றபோது தெரியும். முந்தானையில் அந்தக் கூட்டை முடிந்துகொண்டு போனபோதும் தெரியும். என் பக்கத்தில் கண் தெரியாமல் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கண் தெரியாமல் நடந்தவள் நான் ஒருத்திதான்.

"கோவமாடி?" என்று கேட்டாள்.

"மேல பாரு. சிமிட்டாத."

இமையை விரலால் இழுத்துப் பிடித்துச் சொட்டை விட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். இரண்டாவது மருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இரண்டாவது குப்பியைக் கையில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று தெரியவில்லை. "இருக்கியாடி?" என்று கேட்டாள்.

சத்தம் கேட்காதபடி இரண்டாவது குப்பியின் மூடியை மெதுவாகத் திருகினேன்.